தைத்துக் கொடுத்த போர்வை பேட்டரி மேல் கிடக்கிறது, கேட்கலாமா?

நவம்பர் 4, காலை

தேவகோட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டது. அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்.

"ஆச்சி, என் கொழுந்தனார் புது வீடு குடிபோனபோது, நாலு மாதம் உட்கார்ந்து கையாலேயே தைத்த ஒட்டுப்போர்வை ஒன்றைக் கொடுத்தேன். போன வாரம் அங்கே போனேன். மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரி மேல் அதை மடித்துப் போட்டிருக்கிறார்கள், தூசி விழாமல் இருக்கவாம். இரண்டு இடத்தில் ஆசிட் பட்டு ஓட்டை. ஓர்ப்படியாளிடம் கேட்டுவிடலாமா, இல்லை பார்க்காத மாதிரி இருந்துவிடுவதா? இனி அந்த வீட்டுக்கு ஒரு கைக்குட்டைகூடத் தைத்துத் தர மாட்டேன். என் வீட்டுக்காரர், ஒரு போர்வைக்கா இந்தப் பாடு என்கிறார்."

நவம்பர் 4, இரவு

கேட்கவும் வேண்டாம், பார்க்காத மாதிரி இருக்கவும் வேண்டாம். அடுத்த முறை போகும்போது ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான் அப்படித்தான் செய்தேன். மூன்று வருஷம் ஆகிறது. அண்ணன் மகளைப் பள்ளத்தூரில் கொடுத்திருக்கிறோம். அவள் கல்யாணத்துக்கு, காலமாகிவிட்ட என் ஆத்தாவின் கண்டாங்கிச் சேலைகளைச் சேர்த்து ஒரு போர்வை தைத்தேன். அவளுக்கு அப்பத்தா சேலை. அரக்கில் கறுப்புக் கட்டம் ஒன்று, கடுகு மஞ்சளில் அரக்குக் கரை ஒன்று. ஆத்தா கட்டிக் கட்டித் துவைத்து, கையில் எடுத்தால் பூ மாதிரி இருக்கும்.

கல்யாணமாகி ஏழெட்டு மாதம் இருக்கும். அந்த வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது முற்றத்துப் பகுதியில், இரும்பு பீரோவை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கீழே ஆத்தங்குடிக் கல். கல்லில் கீறல் விழக் கூடாதென்று பீரோக் காலுக்கு அடியில் எதையோ கொடுத்து இழுக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் என் போர்வை. கண்ணாடி மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்த்த கல் அது, அதைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஆனால் ஒரு கைவேலையைக் காப்பாற்ற இன்னொரு கைவேலையையா தரையில் போட்டு இழுப்பது?

வேலை முடிந்ததும் ஆட்கள் அதைச் சுருட்டித் தூண் ஓரம் போட்டுவிட்டு வெளியே போனார்கள். அண்ணன் மகள் காப்பி கலக்க உள்ளே போயிருந்தாள். நான் போர்வையைப் பையில் திணித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன். இன்றுவரை அவள் "அந்தப் போர்வை எங்கே" என்று கேட்டதில்லை. காணாமல் போனதுகூடத் தெரியவில்லை என்றால், அவளுக்கு அதன் மேல் எவ்வளவு பிரியம் இருந்திருக்கும்? எனக்கு அதுவே பதில்.

நவம்பர் 5

கோபத்தில் எழுதியதால் முக்கியமானதை விட்டுவிட்டேன். ஆசிட் பட்ட போர்வையை அப்படியே மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். தண்ணீர் காய்ந்துபோனாலும் அமிலம் நூலிலேயே தங்கியிருக்கும், பருத்தியைத் தின்றுகொண்டே இருக்கும். இன்றைக்கு மிளகு அளவு இருக்கும் ஓட்டை அடுத்த மாதம் எலுமிச்சை அளவு ஆகிவிடும். பக்கத்தில் வைத்த துணியும் போகும்.

கையில் ரப்பர் உறை மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து ஊறப்போடுங்கள். துணியிலிருந்து நுரை வந்தால் அமிலம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். நுரை நிற்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். காய்ந்த பிறகு ஓட்டையைச் சுற்றி விரலால் இழுத்துப் பாருங்கள். நூல் பொடிந்து வருகிற இடம் முழுவதையும் வெட்டிவிட்டு, பலமான துணி தொடங்குகிற இடத்தில் ஒட்டுப் போடுங்கள்.

நவம்பர் 9

"ஒரு போர்வைக்கா இந்தப் பாடு" என்று கேட்ட வீட்டுக்காரருக்காக ஒரு கணக்கு.

என் போர்வை 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம். மேலே ஒரு சேலை, அடியில் ஒரு சேலை, நடுவில் பழைய வேட்டி. மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். ஒரு விரல் இடைவெளி விட்டால் முக்கால் அங்குலத்துக்கு ஒரு வரிசை, மொத்தம் 80 வரிசை. ஒவ்வொரு வரிசையும் 90 அங்குலம். கூட்டினால் 7,200 அங்குலம், ஏறக்குறைய 183 மீட்டர். அவ்வளவு தூரமும் ஊசி துணியைக் குத்தி உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. துண்டுகளை வெட்டி இணைத்த வேலை இதில் சேரவில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு, முற்றத்து வெளிச்சம் போவதற்குள் இரண்டு மணி நேரம் உட்காருவேன். ஒரு வரிசை முடியும், சில நாள் ஒன்றரை. நடுவிரல் நுனியில் தோல் தடித்துவிட்டது. அங்குஸ்தான் என்ற விரல் உறையை மாட்டினால் துணியின் மெதுமெதுப்பு கைக்குத் தெரிவதில்லை என்று கழற்றி வைத்துவிடுவேன், அதனால் வந்தது.

தைப்பதற்கு முந்தைய வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகத் துவைத்து, சாயம் போகிறதா என்று பார்த்து, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சாயத்தை நிறுத்தி, நிழலில் காயப்போட வேண்டும். துவைக்காத புதுத்துணி ஒன்று நடுவே வந்துவிட்டால், முதல் சலவையிலேயே அது மட்டும் சுருங்கிப் போர்வை முழுவதும் சுருக்கம் விழுந்துவிடும்.

இவ்வளவும் செய்து கொடுத்தால், சென்னையில் என் மருமகள் அதை மிஷினில் போட்டுப் போட்டே பாழாக்கிவிட்டாள். அண்ணன் மகள் பீரோவுக்கு அடியில் போட்டாள். போனவருஷம் ஒரு தோழிக்குக் கொடுத்தது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பரணில் இருக்கிறது. அவளாவது, "வீணாகிவிடும் என்று பயந்து எடுத்து வைத்திருக்கிறேன்" என்கிறாள்.

நவம்பர் 10

உப்புத் தண்ணீர் பற்றி நான் எழுதியது தவறு. சாயப்பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்த ஒருவர் திருத்தியிருக்கிறார். சாயம் ஏற்றும்போது உப்பு உதவும், சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலுக்குத் தள்ளிவிடும். ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. அலசி அலசி வெளியேற்றுவதுதான் வழி. ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள் என்றார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் தைக்கலாம். என் ஆத்தா சொன்னது என்பதால் இத்தனை வருஷம் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்தேன். இனி இல்லை.

நவம்பர் 12

இந்த ஊர் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கோபப்பட ஒன்றுமில்லை, என் அண்ணனே கேட்டதுதான்.

முதலில் தைத்த இரண்டும் நான் செய்த தப்புதான். உள்ளே பஞ்சு வைத்துவிட்டேன். தூக்கினால் கை வலிக்கும், துவைத்தால் இரண்டு நாள் காயாது, பஞ்சு ஒரு மூலையில் போய்க் கட்டிக்கொள்ளும். காரைக்குடியில் சித்திரை வைகாசியில் பாயில் படுத்தாலே முதுகு வேர்க்கிறது, பஞ்சுப் போர்வையை யார் தொடுவார்கள்? பஞ்சை எடுத்துவிட்டு நடுவில் வேட்டியை வைக்க ஆரம்பித்த பிறகு, மார்கழிப் பனிக்கும் ஏசி அறைக்கும் சரியாக இருக்கிறது. மற்ற நாளில் கட்டில் மேல் விரித்துக்கொள்ளலாம்.

கேட்காமல் தைப்பதில் இப்படியும் ஒன்று இருக்கிறது. எனக்குத் தைக்க ஆசை. அவர்களுக்கு அது தேவையா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

நவம்பர் 17

பழந்துணி என்பதுதான் இதில் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். சொல்லாமல் சுற்றி வந்துகொண்டிருந்தேன், சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் சீர் சாமான்களைப் பரப்பி வைப்பார்கள் அல்லவா. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மரவை, மெத்தை, தலையணை, கொட்டான் என்கிற ஓலைக் கூடை என்று எல்லாம் புதுசு. வந்தவர்கள் சுற்றி வந்து பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பார்கள். அண்ணன் மகள் கல்யாணத்தில் அந்த வரிசையில் என் போர்வையும் இருந்தது. ஒரு ஆச்சி குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "பழசாமே" என்று பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னது என் காதிலும் விழுந்தது. அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி, முகம் சுண்டிப்போனதையும் பார்த்தேன். என் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கிவிட்டது. ஆனாலும் அன்றைக்கு நான் அவர்கள்மேல்தான் கோபப்பட்டேன்.

அவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நமக்கு நல்ல காரியம் என்றால் கோடித் துணிதான். பிள்ளையார் நோன்புக்குப் புதுத் துணியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 நாள் எடுத்துச் சேர்த்துத் திரி திரிக்கிறோம். பழந்துணியில் யாராவது இழை எடுப்பார்களா?

ஆனால் பிள்ளை பிறந்தால்? முதலில் பழைய வேட்டித் துணியில்தானே சுற்றி வாங்குகிறோம். புதுசு உறுத்தும் என்று அப்பத்தா பெட்டியைத் திறந்து, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியைத் தேடி எடுத்துக் கிழித்துத் தருவாள். தூளி கட்டப் பழைய சேலைதான். பச்சைப் பிள்ளைக்கு ஆகிவந்த துணி பெரியவர்கள் உடம்புக்கு ஆகாதா என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. இரண்டும் நம் வழக்கம்தான், இரண்டையும் எனக்கு விட மனமில்லை.

நான் இதைக் கற்றுக்கொண்டது இங்கே இல்லை. என் வீட்டுக்காரருக்கு வங்கி வேலை, ஆறு வருஷம் ஹுப்ளியில் இருந்தோம். அங்கே பழைய சேலையில் தைக்கும் போர்வையைக் கௌதி என்பார்கள். ஒரு விடுமுறைக்கு ஹலியால் பக்கம் போனபோது ஒரு வீட்டுத் திண்ணையில் சித்தி இனத்துப் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அவர்கள் அதைக் கவந்தி என்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தோடு தைத்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். எல்லாம் முடிந்ததும் நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து, அடுக்கடுக்காக வைத்துத் தைக்கிறார்கள். அதற்குப் பெயர் 'ஃபூல்', அதாவது பூ. பூ இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிற மாதிரி என்று ஒரு பாட்டி சொன்னார். அன்றிலிருந்து என் போர்வை எல்லாவற்றுக்கும் மூலையில் சிவப்புத் துணியில் பூ உண்டு. தையல் மட்டும் எனக்கு நேர்வரிசைதான் வரும், அவர்களைப் போலச் சுற்றி வர வராது.

வங்காளத்தில் கந்தா, மராட்டியத்தில் கோதடி. நம் கந்தை என்ற சொல்லும் அந்தக் கந்தாவும் ஒரே வேர். அங்கே அது பெருமையான சொல். இங்கே "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று சொல்லிவிட்டு, கசக்கிக் கட்டியதைக் கொடுத்தால் முகம் சுளிக்கிறோம்.

நவம்பர் 18

கண்டாங்கியை வெட்டலாமா என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். நல்ல நிலையில் இருக்கிற சேலையில் கத்தரி வைக்கக் கூடாது, நானும் வைப்பதில்லை. தறியில் நெய்தவர்களின் உழைப்பு அது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து தேடி வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், சந்தோஷம். கட்ட முடிகிறவரை கட்டுங்கள். நான் எடுப்பது மடிப்பில் இற்று, முந்தி கிழிந்து, இனி இடுப்பில் நிற்காது என்று ஆனவற்றை. அதிலும் கொசுவத்தில் மறைந்திருந்த பாகம் கெட்டியாக இருக்கும், அதைத்தான் மேல்பக்கத்துக்கு வைப்பேன்.

நவம்பர் 26

மருமகளைப் பற்றி 9-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். எழுதியிருக்கக் கூடாது.

போன வாரம் சென்னை போயிருந்தேன். அந்தப் போர்வை கட்டிலில்தான் கிடந்தது. நிறம் வெளுத்து, ஓரம் நார் நாராகத் தொங்குகிறது. நடுவில் வேட்டி தெரிகிறது. முன்பெல்லாம் அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இந்தத் தடவை இரவில் பேரன் அதை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு, தொங்குகிற நாரை விரலில் சுற்றிக்கொண்டே தூங்கினான். மருமகள் சொன்னாள், "துவைச்சுப் போட்ட அன்னைக்கு ராத்திரி இவன் தூங்கவே மாட்டான் அயித்தை, அதான் மிஷின்ல போட்டு சாயங்காலத்துக்குள்ள காய வைக்கிறேன்."

ஐந்து வருஷமாகத் தினமும் போர்த்தியதால் தேய்ந்த போர்வையை நான் பாழான போர்வை என்று எழுதியிருக்கிறேன். பரணில் பிளாஸ்டிக் உறையோடு இருப்பதை, அவளாவது எடுத்து வைத்திருக்கிறாள் என்பது போல எழுதியிருக்கிறேன். அப்படியே தலைகீழ். தோழியிடம் போன் போட்டு, தயவுசெய்து எடுத்து விரி என்று சொல்லிவிட்டேன். உறைக்குள் காற்றில்லாமல் இருந்தால் பருத்தி பூசணம் பூக்கும் என்பதையும் சொன்னேன்.

மிஷினில் போடுகிறவர்களுக்கு: வலைப்பையில் போட்டு, குளிர்ந்த தண்ணீரில், மெதுவாகச் சுற்றும் சலவையில் போடுங்கள். பிழிகிற வேகத்தைக் குறைத்து வையுங்கள், தையல் நூல் அறுவது அங்கேதான்.

டிசம்பர் 3

இன்று கார்த்திகைத் தீபம். விளக்கெல்லாம் வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். கை சரியாக ஓடவில்லை.

அண்ணன் வீட்டில் விளக்கு வைக்கப் போயிருந்தேன். பள்ளத்தூரிலிருந்து அண்ணன் மகளும் வந்திருந்தாள். இந்த மூன்று வருஷத்தில் அவளை நல்லது கெட்டதில் பார்ப்பதோடு சரி. என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. கல்யாணமான பெண், அவளுக்கு ஆயிரம் வேலை என்று இருந்துவிட்டேன்.

முகப்பில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அயித்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?" என்றாள்.

"சொல்லு."

"நீங்க தச்சுக் குடுத்த போர்வை தொலைஞ்சு போச்சு. மூணு வருஷமாச்சு. வெள்ளையடிச்சப்ப ஆளுக யாரோ எடுத்துட்டுப் போயிட்டாக போலருக்கு. பரண், பெட்டகம், மாட்டுக் கொட்டகைன்னு தேடாத இடமில்லை. அப்பத்தா சேலையாச்சே. அன்னைக்கு நீங்க காப்பிகூடக் குடிக்காம போனீக. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சோன்னு பயம். உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் நான் வரவே இல்லை."

எனக்கு வாயே வரவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். "போகுது விடு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். அந்தப் போர்வை மேல்தட்டில் மடித்தபடி இருக்கிறது.

டிசம்பர் 4

தேவகோட்டைத் தங்கைக்கு: முதல் நாள் நான் சொன்னதைச் செய்யாதீர்கள். துணிப்பை வேண்டாம். நேரே கேளுங்கள். நான் ஒரு பெண்ணை மூன்று வருஷம் தலைகுனிய வைத்திருக்கிறேன். போர்வை என் வீட்டில் இருக்க, அவள் மாட்டுக் கொட்டகையில் தேடியிருக்கிறாள்.

"கேட்காததே எனக்குப் பதில்" என்று எழுதியிருந்தேன். அதைப் படிக்கவே முடியவில்லை. அழிக்காமல் விட்டிருக்கிறேன், இருக்கட்டும்.

டிசம்பர் 11

தங்கை கேட்டுவிட்டார். அவருடைய கதை என் கதை மாதிரி இல்லை.

ஓர்ப்படியாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம்: "எனக்கு ஒட்டுப் போட்ட துணி பிடிக்காது. சின்ன வயசுல ஒட்டுப் போட்ட பாவாடையோட பள்ளிக்கூடம் போனவ நான். இனி அப்படி ஒண்ணு என் கட்டில்ல கிடக்க வேண்டாம்னு இருக்கு. உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீகன்னு சொல்லலை."

தங்கைக்கு அழுகை வந்துவிட்டதாம். தன் போர்வைக்காக இல்லை, அந்தப் பாவாடைக்காக என்று எழுதியிருக்கிறார்.

இதற்கு மேல் அந்த வீட்டுக்குத் துணியில் எதுவும் தைத்துக் கொடுக்க வேண்டாம். அதில் யார் மேலும் குற்றமில்லை. அவருக்கு முறுக்கு சுற்றிக் கொடுங்கள், கொட்டான் பின்னத் தெரிந்தால் ஓலையில் பின்னிக் கொடுங்கள். தங்கை போர்வையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். சோடாத் தண்ணீரில் இரண்டாவது தண்ணீரிலேயே நுரை நின்றுவிட்டதாம்.

நான் இன்னும் அண்ணன் மகளிடம் சொல்லவில்லை. தினமும் போனை எடுக்கிறேன், வைக்கிறேன்.

டிசம்பர் 25, பின்னிரவு

இன்று பிள்ளையார் நோன்பு. எல்லோரும் அண்ணன் வீட்டில் கூடினோம். அண்ணன் இழைமா என்கிற இனிப்பு மாவில் அந்த 21 இழைத் திரியை வைத்து ஏற்றி ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தார். சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும்போது மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது என்று தோன்றியது. எனக்கு முன்னால் அண்ணன் மகள் நின்றாள்.

சாப்பாடெல்லாம் முடிந்து பாத்திரம் ஒதுக்கும்போது, இரண்டாங்கட்டில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பார்த்தது, பையில் வைத்தது, பஸ் ஏறியது, தீபத்தன்று வாயடைத்து உட்கார்ந்தது எல்லாம். "என்னை மன்னிச்சிரு ஆத்தா" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அயித்தை" என்றாள். குரல் கோபமாகத்தான் இருந்தது. நியாயமான கோபம். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை.

பிறகு அவளே சொன்னாள். இறந்தவர் சேலை புதுப்பெண் கட்டிலில் வேண்டாம் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். சண்டை போடாமல், அவள் அதை ஒரு தலையணை உறைக்குள் போட்டுத் தன் பெட்டிமேல் வைத்திருந்தாளாம். சில நாள் மதியம் யாரும் இல்லாதபோது எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாளாம், அப்பத்தா வாசனை வருகிறதா என்று. வெள்ளையடிக்க அறையைக் காலி செய்தபோது, ஆட்கள் கையில் கிடைத்த தடித்த துணியை எடுத்துப் பீரோவுக்கு அடியில் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு அது தெரியவே தெரியாது.

மாமியார் மேலும் எனக்கு இப்போது வருத்தமில்லை. அவருக்கு அது அப்படித்தான். கல்யாணத்துக்கு முன்னால் நானே போய்ச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். இது இன்னாருடைய சேலை, கொடுக்கலாமா என்று. சேலை என் ஆத்தாவுடையது என்றாலும், போய்ச் சேருகிற வீடு அவர்களுடையது.

டிசம்பர் 27

எப்படிக் கேட்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான்.

சபையில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். "ஏன் இப்படிப் போட்டீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். "அந்தப் போர்வை உனக்கு உபயோகமா இருக்கா, இல்லைன்னா சொல்லு, வேற யாருக்காவது கொடுக்கலாம்" என்று கேட்டால் பதில் வரும். தைப்பதற்கு முன்னாலேயே கேட்பது இன்னும் நல்லது: கட்டில் அளவு, பிடித்த நிறம், பழைய துணி ஆகுமா ஆகாதா. திடீரென்று கொடுத்து ஆச்சரியப்படுத்தும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் நாலு மாத வேலையை அதில் வைக்கக் கூடாது. ஆச்சரியப்படுத்த வேண்டுமென்றால் ஒரு தலையணை உறை போதும்.

ஜனவரி 4

அண்ணன் மகள் இன்று வந்திருந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் வீட்டு வாசற்படி ஏறினாள்.

போர்வையை முற்றத்தை ஒட்டிய வளவில் விரித்தோம். பீரோக் கால் இழுத்த இடத்தில் இரண்டு முழ நீளத்துக்குத் துருக் கோடு. அது முடிகிற இடத்தில் ஒரு மூலை கிழிந்து, அங்கே இருந்த பூவைக் காணோம். மற்ற மூன்று மூலையிலும் சிவப்புப் பூ அப்படியே இருக்கிறது. எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டு வெயிலில் வைத்தால் துரு போகும் என்றேன். அரக்குச் சாயமும் சேர்ந்து வெளுத்துவிடுமே என்று அவளே சொன்னாள். அதனால் கோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பள்ளத்தூருக்கு எடுத்துப் போகிறாயா என்று கேட்டேன். "வேண்டாம் அயித்தை, இங்கேயே இருக்கட்டும். நான் வந்து தங்கும்போது போர்த்திக்கிறேன்" என்றாள். அவள் வீட்டுக்கு வேறொன்று தைக்க வேண்டும். புதுத்துணியில், பச்சையும் வெள்ளையும், மெல்லிசாக, முகப்பில் கிடக்கிற திவானுக்கு. அளவை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள்: 36-க்கு 72. மாமியாரும் பச்சைதான் நன்றாக இருக்கும் என்றாராம்.

பிறகு பையிலிருந்து பழைய துப்பட்டா ஒன்றை எடுத்தாள். காலேஜ் படிக்கும்போது போட்டது, கிளிப்பச்சைப் பருத்தி. "காணாமப்போன பூவை இதுல வைக்கலாமா?" என்றாள். சதுரமாக வெட்டி, குறுக்கே மடித்து, மறுபடி மடித்து முக்கோணமாக்குவதைக் காட்டிக் கொடுத்தேன். மூன்றாவது முக்கோணம் முதல் இரண்டைவிடச் சின்னதாக வந்தது, பிரித்து மறுபடி மடித்தாள். மூலையில் ஏழு அடுக்குத் துணி சேர்ந்ததும் ஊசி இறங்கவில்லை. இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள். என் அங்குஸ்தானை எடுத்து அவள் நடுவிரலில் மாட்டிவிட்டேன்.

பாதி தைத்திருக்கிறாள். ஊசியை அதிலேயே குத்தி வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு வருகிறேன், யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு நாலரை மணி பஸ்ஸுக்குப் போனாள். காப்பி குடித்துவிட்டுத்தான் போனாள்.